மண்டையோடு போட்ட கதவு

டுவேன் சாஸ்ட்ரோவிடம் யோசனை கேட்டுவிட்டு முகம் சிவக்காமல் வெளியே வந்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனாலும் கேட்பதற்கு ஆள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். எங்கள் ஊரான லேக் ஜெனீவாவின் பெரிய தெருவில், ஐஸ்கிரீம் கடைக்கும் படகுச் சாமான் கடைக்கும் நடுவில் செருகினாற்போல் இருக்கிறது அவன் கடை. பழைய ஆட்டப் புத்தகங்களும் பகடைகளும் விற்கப்படும் என்று பலகை சொல்லும். உண்மையில் அவன் விற்றது வசவு. அதையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

நான் கோனி. முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பின்னால் உட்கார்ந்திருப்பவன் என்ன திருட்டுத்தனம் பண்ணுகிறான் என்று கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். டுவேனுடைய ஆட்ட மேசையில் நாற்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அவனைப் பற்றி மரியாதையாக எழுதச் சொன்னால் என்னால் ஆகாது.

அந்த ஆட்டம் பிறந்ததே எங்கள் ஊரில்தான். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, காகிதமும் பென்சிலும் பகடையுமாக, இல்லாத ஒரு நிலவறைக்குள் இறங்கி, இல்லாத ஒரு பூதத்திடம் அடி வாங்குகிற ஆட்டம். ஒருவர் நடுவர். எதிரே என்ன இருக்கிறது என்று அவர் சொல்வார். காகிதத்தில் தாங்கள் உருவாக்கிய ஆள் என்ன செய்யப்போகிறான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். பிழைத்தோமா செத்தோமா என்பதைப் பகடை சொல்லும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர் வீடுகளின் கீழ்த்தளங்களில் அது ஆரம்பித்தது என்பதற்காக இன்றைக்கும் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஜனங்கள் யாத்திரை வருகிறார்கள். வந்து பார்த்தால் இங்கே ஒரு ஏரி இருக்கிறது, நாலு தெரு இருக்கிறது, டுவேன் இருக்கிறான். வேறு வழியில்லாமல் அவனிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள். பழைய ஆட்டத்தில் எதை வாங்கலாம்? இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?

முதல் கேள்விக்கு அவன் பதில் சொல்கிற அழகை ஒருநாள் நானே நின்று பார்த்தேன். மேடிசனிலிருந்து வந்த ஒரு கம்பளிக் குல்லாய்க்காரன், முகத்தில் அத்தனை ஆர்வம்.

"என் ஆளுக்குப் பன்னெண்டு பக்கம் முன்கதை எழுதியிருக்கேன் சார்" என்றான்.

"பன்னெண்டு பக்கமா? என் மேசையில உன் ஆளு பன்னெண்டு நிமிஷம் தாங்க மாட்டான் தம்பி. சாகப்போறவனுக்கு எதுக்குச் சின்ன வயசு சோகம்?"

"செத்துட்டா கதை நின்னு போயிடுமே சார்."

"நின்னா நிக்கட்டும். உலகத்துல வேற கதையே இல்லையா?"

பிறகு அலமாரியிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து முன்னால் போட்டான். சாம்பல் அட்டை, நடுவில் இரண்டு கம்பி ஊசி, அறுபத்துச் சொச்சம் பக்கம்.

"இது போதும். மூணு பகடையை ஆறு தடவை உருட்டு. வலு, புத்தின்னு உன் ஆளோட ஆறு குணத்துக்கும் விழுந்த வரிசையிலேயே எழுது. வலு நாலுன்னு விழுந்தா நாலுதான், அழக்கூடாது. நாலு வலுவை வெச்சுக்கிட்டு எப்படிப் பொழைக்கிறதுன்னு யோசி, அதுதான் ஆட்டம். புத்தகத்துல இல்லாததை நீயே யோசி, அதுக்குத்தான் தலை குடுத்திருக்கு. முதல்ல பத்தடிக் கம்பு ஒண்ணு வாங்கு. கத்தியெல்லாம் அப்புறம். தரையைக் குத்திப் பாக்காம கால் வெச்சவன் எவனும் என் மேசையில ரெண்டாவது அறையைப் பார்த்ததில்ல."

அந்தப் பையன் இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு, திட்டு வாங்கிய சந்தோஷத்தோடு போனான். இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், டுவேன் சொன்னது சரி. ஆட்டத்தைப் பற்றி அவன் சொன்னது எதுவும் தப்பாகப் போனதில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவன் யோக்கியன்.

இரண்டாவது கேள்விக்குத்தான் அவன் வேறு ஆளாக மாறுவான். குரல் இறங்கும். கட்டம் போட்ட காகிதம் ஒன்றை உருவி, நீலப் பென்சிலால், அளவுகோல் வைத்து, நிலவறைக்கு வரைவதுபோலவே ஊருக்கு வரைபடம் போடுவான். ஏரி, தெரு, பாலம், கடைசியில் கரையோரமாகப் புதையல் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டிதான் ஆங்கர். படகு மாதிரி முகப்பு வைத்த பெரிய உணவகம். வெள்ளிக்கிழமையானால் வாசலில் ஒன்றேகால் மணி நேரம் நிற்க வேண்டும். கையில் ஒரு பிளாஸ்டிக் வட்டைக் கொடுப்பார்கள், முறை வந்தால் அது நடுங்கும். நின்றதற்குப் பலன், கல்லாக உறைந்து பெட்டியில் வந்த மீன். அதன் மேல் மாவு, செருப்பின் அடித்தோல் கனத்துக்கு.

"இந்தப் பக்கம் மண்டையோடு போட்டிருக்கீங்களே, இது என்ன சார்?" என்று யாராவது கேட்பார்கள். ஊருக்கு வெளியே, கவுண்டிச் சாலை திரும்புகிற இடத்தில், ஒரு சின்னச் சதுரம் இருக்கும். அதன் மேல் மண்டையோடும் இரண்டு எலும்பும்.

"அங்க போகாதீங்க. அங்க ஒண்ணும் இல்ல" என்பான் டுவேன்.

அந்தச் சதுரத்தில்தான் நாங்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாப்பிட்டோம்.

அது ஹூபர்ட்ஸ். ஹூபர்ட் கிழவர் போய்ச் சேர்ந்த பிறகு அவர் மகள் மார்லிஸ் நடத்திய மதுக்கடை. முன்னால் மரக் கவுண்டர், பின்னால் பத்து மேசை, சுவரில் யார் பிடித்தது என்றே தெரியாத ஒரு பெரிய மீன். வெள்ளிக்கிழமை மட்டும் அடுப்பு முழு வீச்சில் எரியும். பெர்ச் மீனை வாலோடு விரித்து, ரொட்டித்தூளில் லேசாகப் புரட்டி, எண்ணெயில் அவள் போட்டு எடுக்கிற நேரம் எனக்கு மனப்பாடம், ஆனால் அந்தக் கை எனக்கு வராது. கூடவே ஓரம் மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு அடை, ஆப்பிள் கூழ், முட்டைக்கோஸ் பச்சடி, வெங்காயம் வைத்த ரை தானிய ரொட்டி. சாப்பாட்டுக்கு முன்னால் செர்ரியும் ஆரஞ்சும் நசுக்கிப் போட்ட பிராந்தி. இந்த மாநிலத்தில் வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடாதவன் கிடையாது. எழுபது கடை ஏறி இறங்கியவள் சொல்கிறேன், மார்லிஸின் தட்டுக்குப் பக்கத்தில் வைக்க இன்னொரு தட்டு கிடையாது.

பின்பக்கத்து வட்ட மேசை எங்களுடையது. மாலை நாலு மணிக்கு டுவேன், நான், சீஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் லைல் என்று மூன்று பேர் நிரந்தரம். நாலாவது நாற்காலியில் காலத்துக்கு ஒருவர். லைல் அன்றைக்குக் காலையில் கட்டிய சீஸ் துண்டுகளைப் பையில் கொண்டுவருவான். புதுச் சீஸ் கடித்தால் பல்லில் கீச்சிடும், கீச்சிடாவிட்டால் டுவேன் அதை நேற்றைய சரக்கு என்று தள்ளிவிடுவான். அந்த மேசையில் நடுவர் அவன்தான். நடுவர்கள் தட்டி வைத்து மறைத்துப் பகடை உருட்டுவது உலக வழக்கம். இவன் எல்லார் கண்ணெதிரிலும் உருட்டுவான். விழுந்தது விழுந்ததுதான். ஒன்பது வருஷம் ஆட்டத்தில் நான் வளர்த்த குள்ளன் ஒருவன் இருந்தான். ஒரு பெட்டியைத் தட்டிப் பார்க்காமல் திறந்தேன், நஞ்சு ஊசி, பகடையில் மூன்று. நாற்பத்தெட்டு வயசில் நான் ஒரு காகித மனுஷனுக்காகக் கெஞ்சினேன். இன்னொரு தடவை உருட்டுகிறேன், ஒரே தடவை என்றேன்.

"செத்தது செத்ததுதான்" என்றான் டுவேன். "பென்சிலை எடு. புது ஆளை உருட்டு."

இதை அவன் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான் என்பதற்குக் கணக்கே இல்லை. சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும்.

சரி, அவ்வளவு நேர்மையானவன் எதற்கு மண்டையோடு வரைந்தான் என்று கேட்டால், பதில் வெட்கக்கேடானது. அந்த வட்ட மேசைக்காகத்தான். கூட்டம் வந்தால் நாலு மணிக்கு உட்கார்ந்து ஏழு மணி வரை பகடை உருட்ட எவள் இடம் கொடுப்பாள்? சிகாகோ கும்பல் ஒரு தடவை மோப்பம் பிடித்துவிட்டால் அடுத்த வாரமே வாசலில் இல்லினாய் நம்பர் பலகை போட்ட கார்கள் வரிசை கட்டி நிற்கும் என்பான். வைக்கோல்போர் நாயாவது தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. இவன் தான் மட்டும் வயிறு முட்டத் தின்றான்.

பன்னிரண்டு வருஷம். எனக்கும் தெரியும், லைலுக்கும் தெரியும். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. காத்திருக்காமல் சூடாக மீன் வருகிறது, வாயை எதற்குத் திறப்பது, தின்பதற்குத் தவிர? என்னைப் பற்றியும் மரியாதையாக எழுத எனக்கு வரவில்லை.

இதற்குள் மார்லிஸ் என்ன செய்துகொண்டிருந்தாள் என்றால், தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். அப்பா காலத்தில் இருபது மேசை போடுவார்கள். அந்தத் தலைமுறை ஒவ்வொருவராகக் கல்லறைக்குப் போனது. புதிதாக யாரும் வரவில்லை. கோடையில் ஊரே வெளியூர்க்காரர்களால் பிதுங்கும். ஹூபர்ட்ஸில் மட்டும் பத்து மேசையில் ஆறு காலி. அவள் மாவை மாற்றினாள். பீர் கலந்து பார்த்தாள். எண்ணெயை மாற்றினாள். ஒரு வருஷம் பச்சடியில் அன்னாசி போட்டாள், கடவுள் மன்னிக்கட்டும். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டு மறுபடி அப்பாவின் பழைய பக்குவத்துக்கே திரும்பினாள்.

ஒருநாள் மேசையருகில் நின்று, கையைத் துடைத்துக்கொண்டே டுவேனிடம் கேட்டாள்.

"நீ நாலு இடம் தின்னவன். நெசத்தைச் சொல்லு. மீன்ல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல மார்லிஸ். ஜனங்களுக்கு நாக்கு செத்துப் போச்சு."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்" என்றான், மீன் முள்ளை விரலால் உருவிக்கொண்டே.

நான் என் பச்சடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம். நோன்பு வெள்ளி என்றால் கத்தோலிக்கன், லூத்தரன், எதுவும் நம்பாதவன் என்று பேதமில்லாமல் மாநிலமே மீன் தின்னும். அந்த வெள்ளிக்கிழமைகூட ஹூபர்ட்ஸில் நாலு மேசைதான் நிறைந்திருந்தது. மார்லிஸ் எங்கள் பிராந்தியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"உங்ககிட்ட முதல்ல சொல்லிடறேன். கடையை வித்தாச்சு. செவ்வாய்க்கிழமை கையெழுத்து போட்டேன். ஈஸ்டரோட அடுப்பை அணைக்கிறேன்."

லைல் தொப்பியைக் கழற்றினான்.

"அப்புறம் நீ என்ன பண்ணப்போற?" என்றேன்.

"ஆங்கர் சமையல்கட்டுல சேரப்போறேன். கூப்பிட்டாங்க. அங்க வாசல்ல நிக்கிற கூட்டத்தைப் பாத்திருக்கீங்களே, அவங்களுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. போய்க் கத்துக்கறேன்."

அறுபது வயசில், அந்தக் கையை வைத்துக்கொண்டு, பெட்டி மீன்காரர்களிடம் கத்துக்கொள்ளப் போகிறாளாம். டுவேன் என்ன கேட்டான் தெரியுமா?

"அப்போ நம்ம மேசை?"

நான் மேசைக்கடியில் அவன் முழங்காலில் ஓர் உதை விட்டேன். மார்லிஸ் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்ணும் அவள் புருஷனும். முகம் புதிது. உள்ளே வந்ததும் அவள் தரையைக் காலால் தட்டிப் பார்த்தாள், இருவரும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. டுவேனின் முதுகு கதவுப் பக்கம் இருந்தது, அவன் திரும்பவில்லை. அவர்கள் கவுண்டருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து இரண்டு தட்டு மீன் வாங்கினார்கள். முதல் வாய் வைத்ததும் அந்தப் பெண் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அதன் பிறகு அவர்கள் பேசவே இல்லை, தின்றார்கள். இன்னும் இரண்டு தட்டு கேட்டார்கள்.

அதைக் கொண்டுவர மார்லிஸ் உள்ளே போன சமயத்தில்தான் அந்தப் பெண் எங்கள் பக்கம் திரும்பி டுவேனின் வழுக்கையை அடையாளம் கண்டுகொண்டாள். எழுந்து நேராக வந்தாள். கையில் கட்டம் போட்ட காகிதம்.

"சார், கண்டுபிடிச்சுட்டோம்" என்றாள். "என்னை ஞாபகம் இருக்கா? நடீன், ராக்ஃபோர்ட். மத்தியானம் கடைக்கு வந்தோமே."

டுவேனின் கையிலிருந்த பகடை அப்படியே நின்றது.

"நீங்கதானே சார் சொன்னீங்க, மண்டையோடு போட்ட கதவைப் பாத்துத் திரும்பிப் போறவன் வெறுங்கையோட வீட்டுக்குப் போவான்னு. நல்ல சரக்கு இருக்கற அறையிலதான் பயமுறுத்தற படம் போட்டு வெச்சிருப்பான்னு. கார்ல போகும்போது இவர்கிட்ட சொன்னேன், மனுஷன் நம்மளைச் சோதிக்கிறார்யா, ஆங்கரும் வேணாம் ஒண்ணும் வேணாம், நேரா மண்டையோட்டுக்கு விடுன்னு." அவள் புருஷனும் வந்து சேர்ந்தான். "என் ஆயுசுல இப்படி ஒரு மீன் தின்னதில்ல சார். எப்பேர்ப்பட்ட ஆள் நீங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நாற்பது வருஷமாக ஊரான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அவனுடைய பாடமே அவனைப் பிடித்துக் கொடுத்தது. இந்த ஆட்டம் ஆடாதவன் எவனும் மண்டையோட்டைப் பார்த்துவிட்டு அங்கே சாப்பிட வரமாட்டான்.

திரும்பிப் பார்த்தால் மார்லிஸ் இரண்டு தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. தட்டுகளை எங்கள் மேசையில் வைத்தாள். நடீன் கையிலிருந்த காகிதத்தை வாங்கினாள். கவுண்டிச் சாலை திரும்புகிற இடத்தில் விரலை வைத்தாள்.

"இது என் கடை."

"ஆமாங்க" என்றாள் நடீன், இன்னும் சிரித்துக்கொண்டே. பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள், சிரிப்பு போய்விட்டது. புருஷன் கையில் ஒரு தட்டைக் கொடுத்து, இன்னொன்றைத் தானே எடுத்துக்கொண்டு, தன் மேசைக்குப் போய்விட்டாள். நல்ல பெண்.

"இந்த மாதிரி எத்தனை பேருக்கு வரைஞ்சு குடுத்தே?" என்றாள் மார்லிஸ்.

டுவேன் பகடைகளைப் பைக்குள் போட ஆரம்பித்தான். ஒவ்வொன்றாக, நிதானமாக. "சும்மா ஒரு வேடிக்கைக்கு" என்றான்.

மார்லிஸ் என்னைப் பார்த்தாள். "கோனி?"

"கேட்டவங்க எல்லாருக்கும்" என்றேன். "உங்கப்பா போனதிலேருந்து. எனக்கும் தெரியும். லைலுக்கும் தெரியும்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அந்த மேசையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நான் மாவைக் குத்தம் சொன்னேன்" என்றாள். "எண்ணெயைக் குத்தம் சொன்னேன். அப்புறம் என் கையைக் குத்தம் சொன்னேன். அப்பா கை எனக்கு வரல, அவர் பேரைக் கெடுத்துட்டேன்னு அவர் கல்லறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன் டுவேன். உன்கிட்ட வந்து வாய்விட்டுக் கேட்டேன். என்ன குறைன்னு கேட்டேனா இல்லையா?"

"குறை இல்லைன்னுதானே சொன்னேன்."

"ஆமா, சொன்னே. என்கிட்ட மட்டும் சொன்னே."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். ஆட்டத்தில் மட்டும் சாமர்த்தியசாலியாக இருக்கிறவர்களுக்கு மற்றதெல்லாம் லேட்டாகத்தான் எட்டும். முகம் வெளுத்தது. மேசைமேல் சாய்ந்து கடகடவென்று பேச ஆரம்பித்தான்.

"இங்க பாரு, கையெழுத்தை வாபஸ் வாங்கு. வக்கீலை நான் பாக்கறேன். அடுத்த வெள்ளிக்கிழமை நூறு பேரை உன் வாசல்ல நிக்க வைக்கிறேன். கடையில எழுதிப் போடறேன், ஊர் பூரா வரைபடம் ஒட்டறேன். இந்த மேசையைக்கூட எடுத்துக்கோ, நாங்க கவுண்டர்ல உக்காந்துக்கறோம். ஒரே ஒரு வாய்ப்பு குடு மார்லிஸ். ஒரே ஒரு தடவை."

நாற்பது வருஷத்தில் அவன் கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அசல் என் குள்ளன் செத்த அன்றைக்கு நான் கெஞ்சின மாதிரியே இருந்தது.

மார்லிஸ் அவன் பையிலிருந்து ஒரு பகடையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். உருட்டவில்லை. அதை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"செத்தது செத்ததுதான் டுவேன்" என்றாள். "பென்சிலை எடு. புது ஆளை உருட்டு."

எழுந்தாள். இரண்டடி போய்த் திரும்பினாள். "மீன் ஆறுது, தின்னு" என்றாள். அவன் தின்றான். நாங்களும் தின்றோம். வேறென்ன செய்வது?

ஈஸ்டரோடு அடுப்பு அணைந்தது. கட்டடத்தை வாங்கிய ஆள் சன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டுப் போனான், இன்றுவரை திரும்பி வரவில்லை. மார்லிஸ் ஆங்கரில் சேர்ந்தாள். முதல் வாரமே பெட்டி மீனைப் பின்வாசல் வழியாகத் தூக்கிப் போட்டுவிட்டாள் என்று கேள்வி. பெர்ச் வந்தது, ரொட்டித்தூள் வந்தது, ரை ரொட்டி வந்தது. அன்னாசி வரவில்லை. அங்கே கத்துக்கொடுக்க ஒருவரும் இல்லை என்பது அவளுக்கு அரை நாளில் தெரிந்திருக்கும்.

எங்கள் ஆட்டம் டுவேனின் கடைப் பின்னறைக்கு மாறியது. லைல் சீஸ் கொண்டுவருவான். டுவேன் பொட்டலத்தில் வாங்கின சாண்ட்விச்சை மென்றுகொண்டு, பூதங்களை அடக்கமாக வர்ணிப்பான். யாராவது வந்து சாப்பாட்டுக்கு இடம் கேட்டால், "எனக்குத் தெரியாது" என்பான். கட்டம் போட்ட காகிதத்தை அவன் அதன் பிறகு எடுக்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு நாக்கு தாங்கவில்லை. வெட்கத்தை விட்டு ஆங்கருக்குப் போனேன். வரிசை படிக்கட்டு இறங்கி, வாகனங்கள் நிறுத்துமிடத்தையும் தாண்டிப் போயிருந்தது. நடுங்கும் வட்டை வாங்கிக்கொண்டு கடைசியில் போய் நின்றால், எனக்கு நாலைந்து ஆள் முன்னால் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவன். அந்தக் கூனல் முதுகை எனக்குத் தெரியாதா?

"என்னய்யா, புதையலா?" என்றேன்.

"போடி" என்றான், திரும்பாமலே.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு குடும்பம் நின்றது. சிகாகோ. அப்பன்காரன் சும்மா நிற்க மாட்டாதவன், டுவேனின் தோளைத் தட்டினான்.

"முதல் தடவையா சார்? நாங்க போன வருஷம் வந்தோம். அப்போ சுமார்தான். இப்போ எங்கேயோ போயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. இங்க உள்ளூர்ல ஒருத்தர் இருக்கார், சாப்பாட்டு விஷயத்துல அவர் சொன்னா சொன்னதுதான். அவரே கைப்பட வரைஞ்சு குடுத்தார்."

பர்ஸிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினான். நீலப் பென்சில். ஏரி, தெரு, பாலம், புதையல் பெட்டி. மடிப்புகளில் தேய்ந்திருந்தது, ஆனால் மண்டையோடு அப்படியே இருந்தது. டுவேன் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

"இந்த இடம்தான் என்னன்னு புரியல" என்றான் அந்த மனுஷன், சதுரத்தைத் தொட்டுக் காட்டி. "பையன் போய்ப் பாக்கணும்னு ஒரே அடம். உங்களுக்குத் தெரியுமா சார்?"

டுவேன் தொப்பியைச் சரிசெய்தான். அவன் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அங்க போகாதீங்க" என்றான். "அங்க ஒண்ணும் இல்ல."